நமது கணக்கு யாருடைய அலுமாரியில் இருக்கிறது?

(பட்டிப்பொல தோட்டக் கிளைக் கூட்டத்தில் தகவலுக்கான உரிமைச் சட்டம் பற்றி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாரம் முழுவதும் மலையில் நின்றுவிட்டு, துணி துவைக்கவும் விறகு சேர்க்கவும் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமையை இந்தக் கூட்டத்துக்குத் தந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

கிளை கிளையாகப் போகும்போது நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் சில. "முப்பது வருடம் வேலை செய்தேன், சேமலாப நிதிக் கணக்கில் ஏன் காசு குறைகிறது?" "வீட்டுத் திட்டப் பட்டியலில் பக்கத்து லயத்துக்காரர் பெயர் இருக்கிறது, எங்கள் பெயர் ஏன் இல்லை?" "றோட்டுக்குக் காசு வந்தது என்று மேடையில் சொன்னார்கள், கல்லும் தாரும் பாதியோடு நின்றுவிட்டதே, மிச்சக் காசு எங்கே?" இந்தக் கேள்விகளோடு கந்தோருக்குப் போனால் கிடைக்கும் பதிலும் உங்களுக்குத் தெரியும். "அந்தப் பைல் இங்கே இல்லை. ஐயா லீவு. அடுத்த வாரம் வாங்க." இங்கிருந்து நுவரெலியாவுக்கு ஒரு தரம் போய் வந்தால் ஒரு நாள் பேர் போய்விடும். பஸ் காசும் போகும். மூன்று தரம் அலைந்த பிறகு, "விட்டுத் தள்ளுங்கள், நமக்கு விதித்தது இவ்வளவுதான்" என்று வீட்டில் இருந்துவிடுகிறோம்.

இன்று நாங்கள் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். நமது ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு காகிதம் இருக்கிறது. அந்தக் காகிதம் பெரும்பாலும் ஏதோ ஓர் அரசாங்க கந்தோரின் அலுமாரியில் இருக்கிறது. அதைப் பார்க்கவும் அதன் பிரதியை வாங்கவும் நமக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. அதை யாரிடமும் தயவாகக் கேட்க வேண்டியதில்லை.

காகிதம் இல்லாமல் பட்ட பாடு

காகிதத்தின் அருமை நமது மக்களுக்குத் தெரிந்த அளவுக்கு இந்த நாட்டில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நமது பாட்டன் பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம், 1949இல், இந்திய பாகிஸ்தானிய வதிவோருக்கான பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. விண்ணப்பிக்கலாம், ஆனால் ஆதாரம் காட்டு என்றார்கள். திருமணமானவர் என்றால் 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து 7 வருடம், மற்றவர்கள் என்றால் 10 வருடம் இந்த நாட்டில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். நூறு வருடமாக இந்த மலைகளைத் திருத்தியவர்களிடம் கேட்ட கேள்வி இது. பெரும்பாலான விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. கையில் காகிதம் இல்லாதவனுக்கு அவன் சிந்திய வியர்வை சாட்சி சொல்லவில்லை.

பிறகு 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். கப்பல் ஏறியவர்கள் ஏறினார்கள், மிஞ்சியவர்கள் காத்திருந்தார்கள். கடைசியில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால்தான் எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலை தீர்ந்தது. இதை இன்று ஏன் நினைவுபடுத்துகிறோம்? தகவலுக்கான உரிமை என்பது பிரஜைகளுக்குரிய உரிமை. அரசியலமைப்பு அதை "ஒவ்வொரு பிரஜைக்கும்" என்றுதான் தருகிறது. நாம் பிரஜைகள் ஆவதற்கு நமது சங்கங்களும் பெரியவர்களும் அரை நூற்றாண்டுக்கு மேல் போராடினார்கள். வோட்டுப் போடுவதோடு அந்தப் பிரஜாவுரிமை முடிந்துபோவதில்லை. கணக்குக் கேட்பதும் அதில் அடங்கும்.

ராஜஸ்தான் தொழிலாளர்களின் செக்ரோல்

இந்த உரிமை படித்தவர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் உரியது என்று சிலர் நினைக்கிறார்கள். இந்தியாவில் இதற்கான பெரிய போராட்டத்தைத் தொடங்கியவர்கள் நம்மைப் போன்ற கூலித் தொழிலாளர்கள்தான்.

ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்று ஓர் அமைப்பு. 1990 மே தினத்தன்று தொடங்கப்பட்டது. அந்த வறண்ட கிராமங்களில் அரசாங்கம் வறட்சி நிவாரண வேலை கொடுக்கும். குளம் வெட்டுவார்கள், றோட்டுப் போடுவார்கள். வேலை முடிந்ததும் சட்டப்படியான கூலி கைக்கு வராது. கேட்டால், "நீ அவ்வளவு வேலை செய்யவில்லை, பதிவில் அப்படித்தான் இருக்கிறது" என்பார்கள். அந்தப் பதிவைக் காட்டு என்றால், அது அரசாங்க ரகசியம் என்பார்கள்.

அவர்கள் அதை மஸ்டர் ரோல் என்றார்கள். நாம் செக்ரோல் என்கிறோம். பெரட்டில் பேர் கொடுத்து, மலைக்குப் போய், கொழுந்து நிறுத்து, மாதம் முடிந்து சம்பளம் வாங்கும்போது அரைப் பேர் விழுந்திருந்தால் நாம் என்ன கேட்போம்? "செக்ரோலைக் காட்டுங்கள்" என்போம். அவர்கள் கேட்டதும் அதேதான்.

1994 டிசம்பர் 2ஆம் தேதி கோட் கிரானா என்ற ஊரில் முதலாவது மக்கள் விசாரணையை நடத்தினார்கள். எப்படியோ கிடைத்த பதிவுகளை ஊர் மக்கள் முன்னால் சத்தமாக வாசித்தார்கள். இன்ன வேலைக்கு இன்னார் இத்தனை நாள் வந்தார், இவ்வளவு கூலி வாங்கினார் என்று வாசிக்க வாசிக்க, சம்பந்தப்பட்டவர்கள் எழுந்து, "நாங்கள் அந்த வேலைக்குப் போகவே இல்லையே" என்றார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கும் அன்று கணக்கு விளங்கியது. 1996இல் பியாவர் நகரத்தில் 40 நாள் தொடர்ந்து மறியல் இருந்தார்கள். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பது அவர்களின் கோஷம். 1997இல் தமிழ்நாடு இந்தியாவிலேயே முதல் மாநிலமாகத் தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. 2005இல் இந்தியாவின் மத்திய சட்டம் வந்தது.

நமது நாட்டுச் சட்டம்

நமது நாட்டில் 2015இன் 19ஆவது திருத்தம் தகவல் அறியும் உரிமையை அடிப்படை உரிமைகளில் ஒன்றாக அரசியலமைப்பில் சேர்த்தது. அதைத் தொடர்ந்து 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டம் வந்தது. 2017 பெப்ரவரி 3ஆம் தேதி முதல் நடைமுறையில் இருக்கிறது.

அமைச்சு, திணைக்களம், மாகாண சபை, பிரதேச சபை, பிரதேச செயலகம், அரசாங்கக் கூட்டுத்தாபனம், அரசாங்க ஆஸ்பத்திரி, அரசாங்கப் பள்ளிக்கூடம் எல்லாம் இந்தச் சட்டத்தில் "பகிரங்க அதிகாரசபை"கள். அரசாங்கத்துக்கு 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு உள்ள கம்பனிகளும் இதில் அடங்கும். ஒவ்வோர் இடத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். "எங்களுக்கு அப்படி யாரையும் நியமிக்கவில்லை" என்று தப்ப முடியாது. நியமிக்கும் வரை அந்த நிறுவனத்தின் தலைவரே தகவல் அலுவலர் என்று சட்டம் சொல்கிறது.

இங்கே ஒரு சந்தேகம் வரும். நமது தோட்டங்களில் பெரும்பாலானவை 1992க்குப் பிறகு தனியார் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போய்விட்டனவே, கம்பனியிடம் இந்தச் சட்டத்தின் கீழ் கேட்க முடியுமா? ஜனவசம எனப்படும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தும் தோட்டங்களில் நேரடியாகக் கேட்கலாம், அவை அரசாங்க நிறுவனங்கள். அரசாங்கப் பங்கு 25 சதவீதத்துக்குக் குறைந்த கம்பனிகளிடம் நேரடியாகக் கேட்க முடியாது. ஆனால் அந்தக் கம்பனிகள் அரசாங்கத்துக்குக் கொடுக்கும் காகிதம், அரசாங்கம் அவர்களைப் பரிசோதித்து எழுதிய காகிதம், அரசாங்கத்தோடு அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம், இவற்றின் பிரதி அரசாங்க கந்தோரில் இருக்கிறது. அதை அங்கே கேட்கலாம். துரையின் கந்தோர்க் கதவு சாத்தியிருந்தால், நாம் தட்ட வேண்டிய கதவு வேறு.

எந்தக் காகிதம் எங்கே

முதலில் சேமலாப நிதி. 1958இன் சட்டப்படி நமது சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டப்படுகிறது, முதலாளி 12 சதவீதம் போட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 சதவீதம் போட வேண்டும். சேமலாப நிதிக்கான பணம் அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டப்பட வேண்டும். அந்தக் கணக்குகள் மத்திய வங்கியில் இருக்கின்றன. நிலுவை பற்றிய முறைப்பாடுகளும் பரிசோதனை அறிக்கைகளும் தொழில் திணைக்களத்தில் இருக்கின்றன. சில தோட்டங்களில் பணம் மத்திய வங்கிக்குப் போகாமல் தோட்டத் துறைக்குரிய தனிச் சேமலாப சங்கங்களுக்குப் போகிறது. ஆகவே முதலில் உங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்து, பணம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, காணியும் வீடும். தோட்டக் காணியில் பெரும்பகுதி இன்றும் அரசாங்கத்துக்குச் சொந்தம். கம்பனிகளிடம் இருப்பது குத்தகை. குத்தகைக்கு ஒப்பந்தம் உண்டு. வீட்டுத் திட்டத்துக்குப் பயனாளிகளைத் தெரிவுசெய்ய ஒரு விதிமுறை உண்டு, பட்டியல் உண்டு, அதை அங்கீகரித்த கூட்டத்தின் அறிக்கை உண்டு. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தபோது நம்மில் பலர் மைதானத்தில் இருந்தோம். அந்த வீடுகளில் நமது பிரிவுக்கு எத்தனை, யார் எந்த அடிப்படையில் தெரிவானார்கள் என்பதையெல்லாம் எழுத்தில் கேட்கலாம். தோட்ட வீடமைப்புக்குப் பொறுப்பான அமைச்சிடமும், 2018இல் சட்டத்தால் அமைக்கப்பட்ட பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையிடமும் கேட்கலாம்.

மூன்றாவது, றோட்டும் தண்ணீரும். முன்பெல்லாம், "இது தோட்டக் காணி, பிரதேச சபை காசு செலவழிக்க முடியாது" என்பார்கள். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு அந்தத் தடை நீங்கியது. சபைக்கு வந்த ஒதுக்கீடு, வேலைக்கான மதிப்பீடு, ஒப்பந்தம், கொடுப்பனவு வவுச்சர் எல்லாம் சபையின் கந்தோரில் இருக்க வேண்டிய காகிதங்கள்.

நான்காவது, உயிர். 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்த மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்க மாட்டோம். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்ததாகப் பிறகு செய்திகள் வந்தன. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. மக்களோ அதே லயத்தில் இருந்தார்கள். பட்டிப்பொலையிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் சுவரில் வெடிப்பு விழுந்த லயம் எத்தனை, பின்மேட்டிலிருந்து திடீரென்று ஊற்று வரும் இடம் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அந்த இடங்களை அந்த நிறுவனம் பரிசோதித்திருக்கிறதா, என்ன எழுதியது, யாருக்கு அனுப்பியது என்று கேளுங்கள். பிரஜை ஒருவரின் உயிரோடோ தனிப்பட்ட சுதந்திரத்தோடோ சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எதனால் உயிருக்கு ஆபத்து என்று நம்புகிறோம் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிட வேண்டும்.

ஓர் அம்மாவின் 19 மாதங்கள்

நமது கிளைகளில் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். அந்த அம்மாவின் பெயரையோ தோட்டத்தின் பெயரையோ சொல்லப்போவதில்லை. 31 வருடம் கொழுந்து பறித்தவர். ஓய்வு பெற்றுச் சேமலாப நிதிக்கு விண்ணப்பித்தபோது, கணக்கு அவர் நினைத்ததை விட மிகவும் குறைவாக இருந்தது. தோட்டக் கந்தோரில், "நாங்கள் கட்டிவிட்டோம்" என்றார்கள். அரசாங்க கந்தோரில், "வந்தது இவ்வளவுதான்" என்றார்கள். இரண்டு கந்தோருக்கும் நடுவில் ஏழெட்டு மாதம் அலைந்தார்.

பேத்தி சாதாரண தரம் படிக்கிற பிள்ளை. எங்களோடு உட்கார்ந்து விண்ணப்பத்தை எழுதியது அந்தப் பிள்ளைதான். "எனது பணம் ஏன் குறைகிறது" என்று எழுதவில்லை. அங்கத்துவ இலக்கத்தைப் போட்டு, ஆறு வருடக் காலத்தைக் குறிப்பிட்டு, ஒவ்வொரு மாதமும் கிடைத்த தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் கிடைத்தது என்ற பட்டியலைக் கேட்டது. பதிவுத் தபாலில் அனுப்பினோம். பட்டியல் வந்தது. 72 மாதங்களில் 19 மாதங்களுக்கு நேரே ஒன்றும் இல்லை.

அந்த 19 மாதங்களின் சம்பளச் சீட்டுகளைத் தேடினோம். 11 சீட்டுகள் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தன. அவற்றில் 8 சதவீதம் வெட்டியிருந்தது. வெட்டிய காசு கட்டப்படவில்லை என்பதற்கு இப்போது இரண்டு பக்கத்துக் காகிதமும் கையில் இருந்தது. தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு கொடுத்தோம். அதன் பிறகு யாரும், "கட்டிவிட்டோம்" என்று வாயால் சொல்லவில்லை. ஒரு பகுதிப் பணம் வந்திருக்கிறது. மிச்சத்துக்கு விசாரணை நடக்கிறது. முழுவதும் கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அம்மா இப்போது விசாரணைக்குப் போகும்போது முந்தானையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பட்டியலை மேசையில் விரிக்கிறார்.

எப்படி எழுதுவது

விண்ணப்பத்துக்குப் படிவம் ஒன்று உண்டு. அது கிடைக்காவிட்டால் வெள்ளைத்தாளில் கடிதமாகவே எழுதலாம். தமிழில் எழுதலாம். நுவரெலியா இருமொழி நிர்வாகப் பிரிவு, தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. பிரதிகளுக்கு மட்டும் பக்கக் கணக்கில் சிறிய தொகை கேட்பார்கள், ஏ4 அளவில் முதல் நான்கு பக்கங்கள் இலவசம். எழுத முடியாதவர் நேரில் போய் வாயால் சொல்லலாம், தகவல் அலுவலர் அதை எழுத்தில் பதிந்துகொள்ள வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. அதை அவர்கள் கேட்கவும் கூடாது. 48 மணித்தியால விண்ணப்பம் மட்டும்தான் இதற்கு விலக்கு.

முக்கியமான விஷயம், கேள்வியைக் கேட்கும் விதம். "எங்கள் றோட்டை ஏன் ஒழுங்காகப் போடவில்லை?" என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அது தகவல் கேட்பது ஆகாது, அதற்குச் சாக்குப்போக்குத்தான் பதிலாக வரும். காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு மாதிரிக் கடிதம் சொல்கிறோம், குறித்துக்கொள்ளுங்கள்.

"தகவல் அலுவலர் அவர்களுக்கு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் பின்வரும் ஆவணங்களின் பிரதிகளைக் கோருகிறோம். ஒன்று, இன்ன தோட்டம் இன்ன பிரிவு றோட்டு வேலைக்கு இன்ன ஆண்டில் அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீடு. இரண்டு, ஒப்பந்தகாரரோடு செய்த ஒப்பந்தம். மூன்று, வேலை அளவீட்டு அறிக்கைகளும் கொடுப்பனவு வவுச்சர்களும். நான்கு, வேலை முடிந்தது என்று உறுதிப்படுத்திய சான்றிதழ். தகவல்களைத் தமிழில் கீழுள்ள முகவரிக்குத் தபாலில் அனுப்பவும்."

இவ்வளவுதான். திட்டவும் வேண்டாம், "தாழ்மையுடன் பாதம் பணிந்து" என்று எழுதவும் வேண்டாம். தேதி, கையொப்பம், முகவரி போடுங்கள். ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பதிவுத் தபாலில் போட்டால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். நாள் எண்ணத் தொடங்குவது அந்தத் தேதியிலிருந்துதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை வாங்க இந்தச் சட்டம் தேவையில்லை. அவற்றுக்கு வேறு விண்ணப்பமும் கட்டணமும் உண்டு. ஆனால் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து மாதக்கணக்காகப் பதில் இல்லையென்றால், "எனது விண்ணப்பம் எந்தத் தேதியில் கிடைத்தது, இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது" என்று இந்தச் சட்டத்தின் கீழ் கேட்கலாம்.

நாள் கணக்கு

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானித்து அறிவிக்க வேண்டும். காகிதங்கள் மிக அதிகம் என்றால் 21 நாட்களுக்கு மேற்படாமல் நீடிக்கலாம், ஆனால் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ, அதே நிறுவனத்தில் "குறித்தளிக்கப்பட்ட அலுவலர்" என்று ஒருவர் இருப்பார். அவரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரத்துக்குள் தீர்மானம் தர வேண்டும். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்கும் மேல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறது. வேண்டுமென்றே தகவலை மறைத்தால், அழித்தால், பொய்த் தகவல் கொடுத்தால் அது குற்றம். 50,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

நமது ஆட்கள் தோற்றுப்போவது பெரும்பாலும் இந்த நாள் கணக்கில்தான். பதில் வரவில்லை என்று காத்திருந்து காத்திருந்து மேன்முறையீட்டு நாளைத் தவறவிட்டுவிடுகிறார்கள். விண்ணப்பம் போட்ட அன்றே கலண்டரில் மூன்று வட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுங்கள்.

எல்லாவற்றையும் தந்துவிடுவார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. மற்றவர்களின் அந்தரங்கத் தகவல், நாட்டின் பாதுகாப்பு, வியாபார இரகசியம் போன்றவற்றுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. பக்கத்து வீட்டுக்காரரின் சேமலாபக் கணக்கைக் கேட்டால் தர மாட்டார்கள். அது சரிதான். ஆனால் பொதுமக்களின் நன்மை பெரிது என்றால் விலக்கு உள்ளதையும் தரலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. மறுப்பதாக இருந்தால் எந்தப் பிரிவின் கீழ் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

பயத்தைப் பற்றி

"நாங்கள் கேட்டது துரைக்குத் தெரிந்தால் தொல்லை வராதா?" இந்தக் கேள்வியை நாங்கள் லேசாக எடுக்கவில்லை. லயத்து வீடும் வேலையும் ஒரே கையில் இருக்கும் இடத்தில் பயம் வருவது இயல்பு.

அதற்குச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. அங்கத்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் பிரஜைகளாக இருந்தால் ஒரு சங்கமே தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். பதிவு செய்த சங்கமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. தொழிற்சங்கக் கிளை, மாதர் சங்கம், கோயில் கமிட்டி, மரண உதவிச் சங்கம், விளையாட்டுக் கழகம் எதுவும் கேட்கலாம். பொதுக் காரியத்துக்கு ஒருவர் தலையைக் கொடுக்க வேண்டியதில்லை. சொந்தச் சேமலாபக் கணக்கைத்தான் அவரவர் பெயரில் கேட்க வேண்டும். அதிலும் பத்துப் பேர் ஒரே நாளில் அனுப்பினால் யாரும் தனியாகத் தெரிய மாட்டார்கள்.

நாங்கள் ஆசிரியர்களாகவும் இருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோட்டப் பள்ளிக்கூடங்களும் பகிரங்க அதிகாரசபைகள்தான். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வரவு செலவு, கட்டடத்துக்கு வந்த ஒதுக்கீடு, ஆசிரியர் வெற்றிடங்கள் எத்தனை என்ற விபரம் எல்லாவற்றையும் பெற்றோர்கள் எங்களிடமும் வலயக் கல்விக் காரியாலயத்திடமும் கேட்கலாம். கேளுங்கள். மற்றவர்களிடம் கணக்குக் கேட்கச் சொல்லிக் கொடுப்பவர்கள், தங்களிடம் கேட்டால் முகம் சுளிக்கக் கூடாது.

ஏன் இப்போதே?

கடைசியாக அவசரமான ஒரு விஷயம். இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் ஏற்கெனவே இருந்த பதிவுகளை அன்றிலிருந்து குறைந்தது 10 வருடம் பாதுகாக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதற்குப் பிறகு உண்டான பதிவுகளை உண்டான தேதியிலிருந்து 12 வருடம் பாதுகாக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2017 பெப்ரவரி 3க்கு முந்திய பழைய காகிதங்களுக்கு இந்தச் சட்டம் தரும் பாதுகாப்பு 2027 பெப்ரவரி 3 வரைதான். இன்று ஓய்வு பெறுகிறவர்களின் உழைப்பில் பெரும்பகுதி அந்தப் பழைய காகிதங்களில்தான் இருக்கிறது. அந்தத் தேதி தூரத்தில் இல்லை. பழைய பைல்களை எரிக்கலாமா, கரையான் தின்றுவிட்டது என்று சொல்லலாமா என்று யாராவது யோசிப்பதற்கு முன்னால் நமது விண்ணப்பம் அந்த மேசையில் இருக்க வேண்டும்.

ஆகவே இந்தக் கிளை இன்று மூன்று தீர்மானங்களை எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, 50 வயதைக் கடந்த ஒவ்வோர் அங்கத்தவரும் தமது சேமலாப நிதியின் மாதவாரிப் பட்டியலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சாதாரண தரம், உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் நாங்களும் வந்து உட்காருகிறோம். அடையாள அட்டையையும் பழைய சம்பளச் சீட்டுகளையும் கொண்டுவாருங்கள். சீட்டு அழுக்காக இருக்கிறது, கிழிந்திருக்கிறது என்று வீசிவிட வேண்டாம்.

இரண்டாவது, இந்தத் தோட்டத்தில் ஆபத்தான மேடுகளுக்குக் கீழே இருக்கும் லயங்கள் பற்றிய பரிசோதனை அறிக்கைகளைக் கிளையின் பெயரில் கேட்க வேண்டும். மழைக்காலம் தொடங்கும் முன் அந்த விண்ணப்பம் போக வேண்டும்.

மூன்றாவது, மாதர் சங்கத்தில் இரண்டு பேரும் இளைஞர்களில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு விண்ணப்பப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். யார், எங்கே, எந்தத் தேதியில் கேட்டார், பதில் எப்போது வர வேண்டும், வந்ததா, மேன்முறையீடு போனதா என்று அதில் எழுத வேண்டும். மாதக் கூட்டத்தில் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். நம்மைப் பற்றிய பதிவேட்டை இதுவரை மற்றவர்கள்தான் எழுதினார்கள். இதை நாமே எழுதுவோம்.

இந்தச் சட்டத்தால் சம்பளம் கூடிவிடாது. காணி உறுதி வீட்டுக்கு வந்துவிடாது. அவற்றுக்குச் சங்கமும் பேச்சுவார்த்தையும் தேவைப்பட்டால் போராட்டமும்தான் வழி. ஆனால் வெறுங்கையோடு பேச்சுவார்த்தை மேசைக்குப் போவதற்கும், அவர்களுடைய முத்திரை குத்திய காகிதத்தோடு போவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அந்த 19 மாதங்கள் நமக்குக் காட்டியிருக்கின்றன.

விண்ணப்பத் தாள்கள் தலைவரிடம் இருக்கின்றன. போகும்போது ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு போங்கள்.